ஒன்பதாம் பேர்

செத்தவன் வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான்.

அச்சுக்கூடத்தின் பின்வாசல் அது. காலை பதினொரு மணி. கப்பல் வரவுப் பட்டியலைப் பிழை பார்த்துக் கொடுத்துவிட்டு, விரலில் ஒட்டிய மையைக் கழுவ வெளியே வந்தேன். மூன்றாம் படியில் ஒரு முதுகு. கம்பளி போர்த்திய முதுகு. பினாங்கு வெயிலில், தார் உருகுகிற நேரத்தில், கம்பளி.

காய்ச்சல்காரன், தண்ணீர் கேட்க வந்திருப்பான் என்று நினைத்தேன். அவன் திரும்பிப் பார்த்தான்.

"பாட்டுக் கட்டுறவரு நீங்கதானே அண்ணே?"

அந்த அலுவலகத்தில் ஒரு ஈக்குக்கூடத் தெரியாத சங்கதி அது.

"எந்தப் பாட்டு?" என்றேன்.

"தொங்கான் பாட்டு. ஒம்பது பேரு தண்ணியில போன பாட்டு." கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். "அதுல ஒம்பதாவது ஆளு நான்தான். மாரிமுத்து."

பகலுக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று

போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஈப்போவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: 'பத்திரிகை வேலைக்கு ஏன் போனீர்கள்? உங்களுக்குத்தான் பாட்டு வருமே?' நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வரும்.

என் அண்ணன் சுப்பையா எனக்கு முந்திக் கப்பலேறியவன். பினாங்கிலிருந்து மூன்று கடிதம் போட்டான். மூன்றாவதில் 'இங்கே மழை நம்மூர் மழை மாதிரி இல்லை, கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் வந்துவிடுகிறது' என்று எழுதியிருந்தான். அதோடு சரி. நாலாவது கடிதத்துக்காக இரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு நானே கப்பலேறினேன்.

கரையில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, இந்த ஊரில் எத்தனை சுப்பையா என்று. பெயர்கள் எங்கே வந்து சேருகின்றன என்று விசாரித்தேன். பத்திரிகை ஆபீசில் என்றார்கள். கப்பலில் வந்தவர், போனவர், கோர்ட்டில் நின்றவர், ஆஸ்பத்திரியில் கிடந்தவர். எல்லாப் பெயரும் ஒருநாள் அந்த மேசையைக் கடந்துதான் போகும் என்றார்கள். பினாங்கு வீதியை ஒட்டிய சந்தில், மிளகு மூட்டைக் கிடங்குக்கு மேல்மாடியில், ஒரு சின்னத் தமிழ்ப் பத்திரிகை. அதில் சேர்ந்தேன்.

ஆசிரியர் காசிம் நானா. வெள்ளைத் தொப்பி, மூக்குநுனியில் கண்ணாடி, பேச்சில் எப்போதும் ஒரு கிள்ளல். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. செய்தி எழுதுகிறவன் கூட்டத்தில் உட்கார்ந்து பாடக் கூடாது. பாடினால் அவன் எழுதுகிற அரிசி விலையை எவன் நம்புவான் என்பார்.

நானோ ஞாயிற்றுக்கிழமைதோறும் பாடிக்கொண்டிருந்தேன். சிந்திரா தெருவில் ஒரு ஜப்பான்காரர் கடையில் வாங்கிய தந்திப்பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. தட்டச்சுப் பொறிக்கு இருப்பதுபோல வரிசையாகக் கட்டைகள்; இடது கையால் கட்டையை அமுக்கி வலது கையால் கம்பியை மீட்ட வேண்டும். அதை ஒரு மாவுச்சாக்கில் சுற்றிக்கொண்டு துறைமுகத் தொழிலாளிகளின் குடியிருப்புக்குப் போவேன். தெம்மாங்கு மெட்டில், ஒப்பாரி மெட்டில், அந்த வாரம் நடந்ததை நானே கட்டிப் பாடுவேன். பாட்டின் கடைசியில் பெயர் போட்டுக்கொள்வது கிடையாது. பெயர் இல்லாத பாட்டுக்குக் கால் அதிகம்.

இரண்டு தரம் சொல்வது

மாரிமுத்து படிக்கட்டில் உட்கார்ந்திருக்கட்டும். ஒரு நிமிஷம்.

நான் பாட்டுக் கட்டுகிற விதத்தை மாற்றிவிட்டுப் போனவர் ஒருவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேலே சொல்வது புரியாது. வெல்ட் கீ என்கிற கப்பல்துறைக் கரையில் ஒரு நாள் அமெரிக்கச் சரக்குக் கப்பல் ஒன்று நின்றது. அதில் கரி அள்ளிப்போடுகிற கறுப்பு மனிதர் ஒருவர், கயிறு கட்டும் இரும்புக் கட்டையின் மேல் உட்கார்ந்து கித்தார் வாசித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை வெடிப்பெல்லாம் கரி.

ஒரு வரி பாடினார். அதே வரியைத் திரும்பப் பாடினார். அதே சொற்கள்தான், ஆனால் இரண்டாம் தரம் அது வேறாக இருந்தது. முதல் தரம் சொன்னது போலவும், இரண்டாம் தரம் சொன்னதை அவரே நம்ப முடியாமல் கேட்டுப் பார்ப்பது போலவும். பிறகு மூன்றாவது வரி வந்தது. அது பதில்.

எனக்கு அவர் மொழியில் பாதி புரியவில்லை. ஆனால் மயிர்க்கால் ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. உலகத்தின் அந்தக் கோடியில் ஒருவன் அழுவதும் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்கள் மாரடித்து அழுவதும் ஒரே கிணற்றுத் தண்ணீர் போல இருந்ததே, அது எப்படி? கோர்ட்டுச் செய்தியை அன்றைக்குக் கோட்டைவிட்டேன். நானும் ஒரு தெம்மாங்கு பாடிக் காட்டினேன். அவர் பூட்ஸ் காலால் தாளம் தட்டினார். கப்பல் சங்கு ஊதியது. கைகொடுத்தார். என் உள்ளங்கையில் ஒட்டிய கரியை அன்று முழுக்கக் கழுவவில்லை.

அதற்குப் பிறகு நான் கட்டியதெல்லாம் அப்படித்தான். ஒரு வரி, இரண்டு தரம், பிறகு பதில்.

ஏட்டைப் பார்த்து எழுதியது

கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கு ஏற்றிவருகிற பெரிய படகுக்குத் தொங்கான் என்று பெயர். சுமத்திராப் பக்கமிருந்து திடீரென்று அடிக்கிற காற்றில், அரிசி மூட்டை ஏற்றிய தொங்கான் ஒன்று கவிழ்ந்தது. அதிலிருந்த நம்மவர்கள் ஒருவர்கூட மிஞ்சவில்லை. உடல் கரை சேர்ந்தது நாலு. மற்றவற்றை நீரோட்டம் எங்கே கொண்டுபோயிற்றோ.

நான் தண்டலின் கொட்டகைக்கு ஓடினேன். தண்டல் என்றால் படகுக் கூலிகளின் தலைவன். அன்று எந்தெந்த எண் வேலைக்குப் போனது என்று அவனிடம் ஏடு இருந்தது. ஒன்பது எண், ஒன்பது பெயர். அப்படியே எழுதிக்கொண்டேன். பத்திரிகையில் ஏழு வரியில் செய்தி வந்தது.

ஏழு வரி எனக்குப் போதவில்லை. அன்று சாயங்காலம் பாட்டுக் கட்டினேன். ஆளுக்கு மூன்று வரியில் ஓர் அடி. எட்டு அடி சுமாராகத்தான் வந்தது. ஒன்பதாவது மாரிமுத்து. அவனுக்குச் சுங்கை பாக்காப்பில், ஒரு ரப்பர் தோட்டத்தில், மனைவி இருக்கிறாள் என்று ஒரு கூலியாள் சொல்லியிருந்தான். அந்த ஒரு தகவல் போதுமானதாக இருந்தது.

*மாரிமுத்து போன தடம் தண்ணியிலே தெரியலையே,*
*மாரிமுத்து போன தடம் தண்ணியிலே தெரியலையே,*
*பாக்காப்பில் ஒருத்தி வச்ச சோறு இன்னும் ஆறலையே.*

பாடி முடித்தபோது குடியிருப்பில் ஒரு முரட்டு ஆள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு உள்ளுக்குள் கர்வம் வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன். நான் கட்டியதில் அதுதான் உச்சம் என்று நினைத்தேன்.

அந்த உச்சம்தான் கம்பளி போர்த்திக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது.

வில்லை

துறைமுகத்தில் ஒவ்வொரு கூலிக்கும் எண் அடித்த பித்தளை வில்லை உண்டு. இரண்டு நாள் வில்லை வராவிட்டால் எண்ணை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான் தண்டல். அதனால் காய்ச்சலில் விழுந்தவன் தன் வில்லையை இன்னொருவன் கழுத்தில் மாட்டி அனுப்புவான். அந்த ஆள் அன்றைக்கு அவன் பெயரில் வேலை செய்வான். தண்டல் பார்ப்பது வில்லையைத்தான், முகத்தை அல்ல. கூலிகள் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. எனக்கும் தெரியும். தெரிந்தும் ஏட்டைப் பார்த்து எழுதினேன்.

மாரிமுத்து தன் வில்லையைக் கொடுத்தது, முந்தின நாள் கோயில் மண்டபத்தில் பக்கத்தில் படுத்திருந்த ஒருவனுக்கு. ஏதோ தோட்டத்திலிருந்து ஓடிவந்தவன். ஓடிவந்தவன் பெயர் சொல்ல மாட்டான், கேட்பதும் மரியாதை இல்லை. நெட்டையாக இருந்தான், சிரித்தான், வில்லையை வாங்கிக்கொண்டு போனான்.

காய்ச்சலோடு ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு தோட்டக்காரர் குடிசையில் பத்து நாள் கிடந்திருக்கிறான் மாரிமுத்து. எழுந்து நடமாட ஆரம்பித்தபோது ஊரெல்லாம் தன் சாவைப் பாடுவதைக் கேட்டிருக்கிறான். பாடியவர்களை ஒவ்வொருவராக, யாரிடம் கற்றாய், யாரிடம் கற்றாய் என்று கேட்டுக்கொண்டே என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறான். எந்த நிருபனும் அவ்வளவு ஒழுங்காக விசாரித்திருக்க மாட்டான்.

நாளைக்கே பத்திரிகையில் திருத்தம் போடுகிறேன் என்றேன்.

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "தோட்டத்துல பேப்பரை யாருண்ணே படிக்கிறா? நான் பேப்பர்ல சாவல. பாட்டுல செத்தேன். பாட்டுலதான் பொழைக்கணும்."

தோட்டத்திலிருந்து வந்த ஒருவன் சொன்னானாம். பாட்டைக் கேட்டு அவன் மனைவி அஞ்சலை விழுந்துவிட்டாளாம். பதினாறாம் நாள் தாலி அறுப்பது என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்களாம். பதினாறுக்கு இன்னும் மூன்று நாள்தான்.

"நீயே போய் நிற்க வேண்டியதுதானே?"

"போய் நின்னா பேய்னு கல்லெடுத்து அடிப்பாங்க. பாட்டுக் கட்டுனவரு வந்து, நான் கட்டுனது பொய்யின்னு சொல்லுங்க. அப்பத்தான் நம்புவாங்க."

பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம். காசிம் நானா கதவோரம் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. என் இரண்டு வாழ்க்கையும் ஒரே படிக்கட்டில் மாட்டிக்கொண்டன. வேலை போயிற்று என்று நினைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு வருஷமா தெரியும்லா, தம்பி. ஒன் செய்தியில இல்லாத கமாப் புள்ளியெல்லாம் ஒன் பாட்டுல இருக்கு." பிறகு குரல் மாறியது. "பொய்யை நீதான கொண்டுபோன. நீயே போய் எடுத்துட்டு வா."

தன் சாவைக் கேட்டுக்கொண்டு ஒரு பயணம்

ஃபெரிப் படகில் எதிர்க்கரையில் உள்ள பிறை என்ற ஊருக்கு. அங்கிருந்து ரயில். ரயிலுக்குப் பிறகு மாட்டுவண்டி. மடியில் சாக்கில் சுற்றிய தந்திப்பெட்டி.

ஃபெரியில் கோழிக்கூடை வைத்திருந்த ஒருவர் என் பாட்டை முனகிக்கொண்டிருந்தார். ரயிலில் இரண்டு பேர், ஒருவர் முதல் வரி, மற்றவர் இரண்டாம் வரி என்று பங்கு போட்டுப் பாடினார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் ஒரு குடியிருப்பில் ஒரு தரம் பாடியது. எனக்கு முன்னால் கடல் தாண்டி, ரயிலேறி, எனக்கே இடம் விடாமல் உட்கார்ந்திருந்தது. பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

வண்டிக்காரர் சிம்பாங் என்கிற ஊரைத் தாண்டியதும் ஒன்பதாம் அடியை எடுத்தார். நல்ல குரல். பாடி முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, "தங்கமான மனுஷன் போல. பாவம்" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரிமுத்து தலையை ஆட்டினான். "ஆமாண்ணே. நல்லவன்தான்" என்றான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். தூரத்திலேயே கேட்டது. கல்லில் ஈரத்துணி விழும் சத்தம்தான் தாளம். அதன் மேல் என் பாட்டு. ஆனால் 'ஒருத்தி' என்று நான் எழுதிய இடத்தில் 'அஞ்சல' என்று பாடினார்கள். அஞ்சலை வச்ச சோறு இன்னும் ஆறலையே. நடுவில் நின்று ஓங்கிப் பாடியவளைக் காட்டி மாரிமுத்து, "அதுதான்" என்றான். கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. தன் புருஷன் சாவை, தன் பெயரைப் போட்டு, கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல், தாளம் பிசகாமல் அவள் பாடிக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய பாட்டை நான் எழுதவில்லை.

மாரிமுத்து கம்பளியை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தான்.

பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றது. இரண்டு பெண்கள் ஓடினார்கள். அஞ்சலை ஓடவில்லை. கையில் பிழியாத துணியோடு அவனைப் பார்த்தாள். கிட்டே வந்து புறங்கையை அவன் நெற்றியில் வைத்தாள்.

"காய்ச்சலா?" என்றாள்.

"விட்டுருச்சு" என்றான்.

அப்புறம்தான் அவள் மடங்கி உட்கார்ந்தாள்.

நான் போய் என்னைச் சொல்லிக்கொண்டேன். வில்லைக் கதையைச் சொன்னேன். ஆளைப் பார்க்காமல் எழுதியது என் குற்றம், அந்த அடியை இன்றோடு எடுத்துவிடுகிறேன், இனி யாரும் பாட வேண்டாம் என்றேன். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அஞ்சலை முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப தண்ணியில போனது யாரு?"

தெரியாது என்றேன்.

"அவருக்கு யாரு அழுதா?"

மாரிமுத்து வில்லை தொங்கிய கழுத்தைத் தடவினான்.

"அண்ணே, இவரு பேரை எடுத்துடுங்க. பாட்டை எடுக்காதீங்க." குரல் உயரவில்லை. "இத்தனை நாளா நான் அழுதது அந்த மனுஷனுக்குத்தான். அது அவருகிட்ட போய்ச் சேர வேணாமா? அவரு பேரைக் கண்டுபிடிச்சு அங்க வைங்க."

"கண்டுபிடிக்கிற வரைக்கும்?"

அவள் எழுந்தாள். கையிலிருந்த ஈரத்துணியை ஓங்கிக் கல்லில் அடித்தாள். நாலு அடி. 'மாரிமுத்து' என்ற பெயர் உட்கார்ந்திருந்த இடத்தில் மா, ரி, முத், து என்று நாலு அடி மட்டும். அப்புறம் வாயைத் திறந்தாள். *போன தடம் தண்ணியிலே தெரியலையே.*



ஈயத்துண்டு

மாரிமுத்து துறைமுகத்துக்குத் திரும்பவில்லை. அந்தத் தோட்டத்திலேயே அவனுக்கு வேலை கிடைத்தது. நான் காசிம் நானாவிடம் வந்து எல்லாம் சொன்னேன். கூலிகள் மாட்டிக்கொள்ளாதபடி வில்லை விஷயத்தை எழுதாமல், மாரிமுத்து உயிரோடு இருக்கிறார், இறந்தவர் பெயர் தெரியவில்லை என்று இரண்டு வரித் திருத்தம் போட்டார்.

பிறகு எழுத்துக் கோக்கும் மேசையிலிருந்து ஒரு சின்ன ஈயத்துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எழுத்தில்லாத துண்டு. இரண்டு வார்த்தைக்கு நடுவே இடம் விடுவதற்கு வைப்பது. "ஒண்ணுமில்லாத எடத்துக்கும் இது வேணும், தம்பி. வைக்கலேன்னா வரி முழுக்கச் சரிஞ்சிரும். அந்தப் புள்ள அதைத்தான் செஞ்சிருக்கு." பாடக் கூடாது என்று அதற்குப் பிறகு அவர் சொல்லவே இல்லை.

நான் பெயர் தேடிக் கிளம்பினேன். ஞாயிறுதோறும் ஒரு தோட்டம், ஒரு குடியிருப்பு. பாட்டை முழுக்கப் பாடி, ஒன்பதாம் அடியில் பெட்டியை நிறுத்திவிட்டு நாலு தட்டு. பிறகு விசாரிப்பு. நெட்டையான ஆள், தோட்டத்திலிருந்து ஓடியவர், உங்களுக்குத் தெரியுமா?

கெப்பாலா பத்தாஸ் என்ற ஊரில் நாலு தட்டுக்கு நடுவே கூட்டத்திலிருந்து ஒரு பெண் "சின்னச்சாமி" என்றாள். நோட்டுப் புத்தகத்தோடு பாய்ந்தேன். தம்பியாம், நெட்டையாம், ஓடிப்போய் ஒரு வருஷமாம். கிடைத்துவிட்டது என்று அன்றைக்கு ஃபெரியில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த மாதம் பிறையில் ஒரு ரயில்வேக் கூலி "காத்தமுத்து" என்றான். அதுவும் நெட்டை. அதற்கப்புறம் நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. நாலு தட்டு விழுந்தால் எங்கிருந்தாவது ஒரு பெயர் வரும். மகன், மச்சான், கப்பலில் கூட வந்தவன், கடிதம் நின்றுபோனவன். நோட்டில் இரண்டு பக்கம் நிறைந்தது. எந்தப் பெயரையும் என்னால் உறுதி செய்ய முடியவில்லை. பத்திரிகைக்காரனாக இன்றுவரை அந்தச் செய்தியை நான் முடிக்கவில்லை.

தண்ணீர்மலையில்

வருஷங்கள் போய்விட்டன. காசிம் நானா இப்போது இல்லை. என் காதோரம் நரைத்துவிட்டது.

இந்தத் தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படிக்கட்டின் அடியில், மோர்ப்பந்தலுக்குப் பக்கத்தில், பெண்கள் கும்மி கொட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். பாட்டு யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. தொங்கான் கவிழ்ந்தபோது பாதிப்பேர் பிறந்திருக்கவே மாட்டார்கள். ஒரு வரி, இரண்டு தரம், பதில். அந்தக் கரி படிந்த உள்ளங்கை எந்தக் கடலில் இருக்கிறதோ.

ஒன்பதாம் அடி வந்தது. பாட்டு நின்றது. அத்தனை கைகளும் சேர்ந்து தட்ட ஆரம்பித்தன. சுற்றி நின்ற கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மழை வரும்போது ரப்பர் இலைகளில் எழுமே, அது மாதிரி. ஆளாளுக்கு ஒரு பெயர். ஒருவர் பெயர் மற்றவர் காதில் விழாமல், எல்லாப் பெயரும் அந்த நாலு தட்டுக்குள் ஒரே சமயத்தில். மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூடக் குவளையைப் பிடித்தபடி உதட்டை அசைத்தார்.

என் சட்டைப்பையில் நோட்டுப் புத்தகம் இருந்தது. எடுக்கவில்லை. கையைத் தட்டினேன்.

"சுப்பையா" என்றேன்.

மூன்று தட்டில் அண்ணன் பெயர் முடிந்துவிட்டது. நாலாவது தட்டு வெறும் தட்டாகவே விழுந்தது.